லெஸ்யா ஏன் கார்விக் போட்டாள்

என்னை எங்கே பார்த்தாலும் மனிதர்கள் கேட்பது ஒரே கேள்விதான், சார்ஜன்ட் மோரின். எந்த ஸ்கேட் வாங்கலாம்? பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுகூடக் கேட்டிருக்கிறார்கள். சற்று முன்பு காபியைக் கொண்டுவந்து வைத்தபோது நீங்களும் உங்கள் அக்கா மகளுக்காகக் கேட்டீர்கள். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நல்ல கேள்வி. வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரம் இருக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொல்லிமுடித்தால் நீங்கள் கேட்க வேண்டிய மற்றதெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

டவுனோ கிவெலா. வயது ஐம்பத்தெட்டு. பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தண்டர் பே ஊரில்தான். முப்பத்தொரு வருடமாக ஐஸ் ஹாக்கிக்காரர்களின் ஸ்கேட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபத்துநாலு வருடம் ஆண்கள் அணி. கடைசி ஏழு வருடம் ஹெரான்ஸ், நம் ஊர்ப் பெண்கள் அணி. பிளேடு தீட்டுவேன், காலணியை அடுப்பில் சுடவைத்துக் காலுக்கு ஏற்றபடி படியவைப்பேன், ஆட்டத்தின் நடுவே முனை மழுங்கினால் பெஞ்சிலேயே பிளேடு மாற்றிக் கொடுப்பேன்.

கம்பெனி காசு கொடுக்கிறது, அதனால் போடுகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம்தான் உண்மை. ஆண்கள் அணியில் ஒரு தடுப்பாட்டக்காரன் இருந்தான். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம், காலில் வேறொரு கம்பெனியின் ஸ்கேட். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நான் கறுப்பு மையால் அந்தப் பெயரை அழித்துத் தருவேன். விளம்பரப் படத்தில் முகம் கம்பெனிக்கு, பனியில் கால் அவனுக்கு. ஹெரான்ஸில் ஒருத்தி, கோல்கீப்பர், ஒரு குறிப்பிட்ட ஸ்கேட்டைத் தொடவே மாட்டாள். குதிகால் வலிக்கிறது என்பாள். அவளை விட்டுப்போன கணவன் அதே ஸ்கேட்தான் போடுவான் என்று எனக்குத் தெரியும்.

மற்றபடி எல்லாம் காலின் வடிவம்தான். ஹால்டேன் ஸ்கேட் குதிகாலை உள்ளங்கையில் ஏந்துவதுபோலப் பிடிக்கும், ஆனால் முன்பக்கம் குறுகல். கார்விக் முன்பக்கம் அகலம், கணுக்காலுக்கு இடம் விடும், வளையாது. பதினாறு வயதில் எது காலில் இருந்ததோ அதையே முப்பதிலும் கேட்பார்கள். உடம்பு அதில்தான் வளைந்து திரும்பக் கற்றது, நிற்கக் கற்றது. இத்தனைக்கும் அப்பால் ஒரு காரணம் உண்டு, அதைப் பேட்டியில் யாரும் சொல்வதில்லை. யார் முழங்காலில் தன் காலைத் தூக்கி வைக்கிறோம் என்பது. ஒரு ஆட்டக்காரி குனிந்து தன் பிளேடைப் பார்க்கமாட்டாள். பார்க்கிறவனைப் பார்ப்பாள். அவன் தலையசைத்தால் எழுந்து பனிக்குள் குதித்துவிடுவாள்.

கார்விக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து ஆள் ராஸ் டெரியோ. ஒரு காலத்தில் எங்கள் ஆண்கள் அணியில் இடது முனையில் ஆடியவன். முழங்கால் போன பிறகு ஸ்கேட் விற்க வந்தான். சிரித்துக்கொண்டே இருப்பவன். உடைமாற்றும் அறைக்கு வரும்போதெல்லாம் பெர்ஷியன் பன் பெட்டியோடுதான் வருவான். எல்லாருடைய விரலிலும் அந்த இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு ஒட்டியிருக்கும் நேரம் பார்த்துப் பேச்சை எடுப்பான்.

கார்விக்கின் புதுமை அதன் பூட்டு. ஸ்கேட்டின் அடியில் பின்பக்கமாக ஒரு சின்ன விசை இருக்கும். அதை அமுக்கினால் பழைய பிளேடு கழன்று கையில் விழும். புதியதைச் சொருகி மேலே தள்ளினால் டிக் என்று ஒரு சத்தம். முடிந்தது. ஹால்டேனில் திருகாணி கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகும். இதில் பத்து நொடி. எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ராஸ்தான்.

"டவுனோ, டிக்னு சத்தம் கேட்டுச்சுன்னு மட்டும் நம்பிடாதே. புடிச்சு ஒரு இழு இழு. பல்லு புடுங்குற மாதிரி இழு. வரலைன்னா பூட்டிக்கிச்சுன்னு அர்த்தம்."

"நீ ஸ்கேட் கட்டவே தடுமாறுன காலத்துல இருந்து நான் பிளேடு மாத்துறேன். எனக்குச் சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல கிழவா, ஞாபகப்படுத்துறேன்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முதல் ஒவ்வொரு கார்விக் பிளேடையும் மாட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். கைக்கே பழகிப்போன வழக்கம், மனம் சொல்ல வேண்டியதில்லை.

ஹெல்மி என் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. ஹெரான்ஸில் நடு வரிசையில் ஆடினாள். பதினைந்து வயதிலிருந்து ஹால்டேன்தான். ராஸ் அவளைக் கார்விக்குக்கு இழுக்க இரண்டு வருடம் முயன்றான். ஒரு சனிக்கிழமை என் வீட்டு சௌனாவில், அந்த நீராவி அறையில், என்னோடு உட்கார்ந்து வியர்வை விட்டு, ஈரத் தலையோடு எங்கள் சமையலறைக்கு வந்தான். என் மனைவி கெர்ட்டு காபி ஊற்றினாள்.

"உன் கால் அகலக் காலும்மா," என்றான் ஹெல்மியிடம். "ஹால்டேனுக்குள்ள உன் சுண்டு விரல் அழுதுகிட்டு இருக்கு. காதைக் குடுத்துக் கேட்டுப் பாரு."

"அழட்டும். ஒம்பது வருஷமா அழவச்சுத்தான் கோல் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"அழாமப் போட்டா இன்னும் நாலு கூட விழும்ல?"

"உங்களுக்குக் கமிஷன் விழும்னு நேரா சொல்லுங்க ராஸ். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கெர்ட்டு சிரித்ததில் காபி மேசையில் சிந்தியது. ஹெல்மி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

போட்டுப் பாரேன் என்றேன். வீட்டுக்கு வந்தவனின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொன்னது. அதை என் யோசனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. கொண்டுவந்தவன் ராஸ்.

போன வருடம் பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். ஹெல்மியின் காலில் கார்விக். இரண்டாம் பகுதியில் அவளுடைய இடது பிளேடு கோல் கம்பத்தில் உரசி முனை சிதைந்தது. ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். காலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தாள். பக்கத்தில் லெஸ்யா போய்கோ உட்கார்ந்திருந்தாள். ஹெல்மியின் வரிசையில் ஆடுகிறவள், ஹெல்மியின் தோழி. எதிரணி எங்கள் கோலைச் சுற்றி வளைத்திருந்தது. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "அப்பா, சீக்கிரம், சீக்கிரம்," என்றாள். பழையதைக் கழற்றினேன், புதியதைத் தள்ளினேன், டிக் என்றது. அவள் பலகையைத் தாண்டிக் குதித்துவிட்டாள்.

பதினெட்டு நொடி. பக், அந்த ரப்பர் வட்டு, மூலைக்குப் போனது. அதைத் துரத்திப் போனவள் திரும்புவதற்காக இடது காலை ஊன்றினாள். பிளேடு கழன்று பனியில் தனியாகச் சறுக்கிப் போனது. அவள் தலை நேராகப் பலகைச் சுவரில் போய் மோதியது. அந்தச் சத்தத்தை விவரிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் கோப்பில் ஒளிப்பதிவு இருக்கும்.

கழுத்து எலும்பு. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

லீக் ஒரு விசாரணை வைத்தது. ஓட்டல் கூடத்தில் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஸ் அந்த ஸ்கேட்டைக் கொண்டுவந்து வைத்தான். பூட்டில் கீறல்கூட இல்லை, விசை சரியாக வேலை செய்கிறது, பிளேடு முழுதாக உட்காராமல் இருந்திருக்க வேண்டும், இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றான். சொல்லும்போது அழுதான். அழுதுகொண்டே சொன்னான் என்பதால் அது வேறொன்றாகிவிடாது. என் மகளைப் படுக்கையில் போட்டதுமல்லாமல் அந்தப் பழியையும் என் கைமேல் எழுதி ஒட்டிவிட்டான்.

அடுத்து லெஸ்யாவைக் கேட்டார்கள். பெஞ்சில் எனக்கு மிக அருகில் இருந்தவள் அவள்தான்.

"டவுனோ பிளேடை மாத்தினதைப் பார்த்தேன்," என்றாள். "இழுத்துப் பார்த்ததை நான் பார்க்கல."

"இழுக்கவில்லை என்கிறீர்களா?"

"நான் பார்க்கலன்னுதான் சொல்றேன்."

நாகரிகமான பதில். அவள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அதைச் சொல்லியிருக்கலாம். பார்த்தேன் என்றே சொல்லியிருக்கலாம், அவளுக்கு என்ன குறைந்துவிடும்? கேமராவோ அந்த நேரத்தில் எங்கள் கோலைக் காட்டிக்கொண்டிருந்தது. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வேலையை யாரும் பறிக்கவில்லை. அதற்குப் பதில் ஊர் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்தது. கடையில், பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில். "பாவம் டவுனோ." அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் கண் என் கையில் ஒரு கணம் தங்கி விலகும். தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது, எனக்குப் படித்துக் காட்டத்தான் யாருக்கும் துணிவில்லை.

ஹெல்மி எட்டு மாதம் இருந்தாள். லெஸ்யா ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாள். அவளுடைய அம்மா செய்த வரெனிகியைக் கொண்டுவந்து, உருளைக்கிழங்கு வைத்த அந்தக் கொழுக்கட்டைகளை முட்கரண்டியில் பாதி பாதியாக வெட்டி ஹெல்மிக்கு ஊட்டுவாள். இரண்டு பேரும் பயிற்சியாளரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒருமுறை நான் கைகழுவிவிட்டு வந்தபோது அறைக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே ஹெல்மியின் குரல்.

"அப்பாகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணிட்டேன்டி. வாயைத் திற, ஆறிடுது."

என் மகள் என் பக்கம் இருந்தாள் என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. கெர்ட்டு அப்படியில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல்.

"டவுனோ, நீ இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

சரி என்றாள். அக்டோபரில் ஹெல்மிக்கு நுரையீரலில் சளி கட்டி, நாலாம் நாள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுவாரம் கெர்ட்டு சூ நகரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் வருகிறேன் என்றாள். இன்னும் வரவில்லை.

ஹெல்மியைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். லெஸ்யா என் பட்டறைக்கு வந்தாள். அரங்கத்துக்குக் கீழே, பனி தயாரிக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்து அறை. கையில் ஒரு புது ஜோடி கார்விக். மேசையில் வைக்கவில்லை, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இதை உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. மூணு வருஷமா ஹால்டேன்ல என் கணுக்கால் எலும்பு உரசிப் புண்ணாகுது. டாக்டர் இன்னும் ஒரு வருஷம் இப்படியே போட்டா ஆபரேஷன்னு சொல்லிட்டார். எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். இது மட்டும்தான் சரியா வருது."

நான் தீட்டும் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். ஒரு வார்த்தை சொல்லுங்க, குப்பையில போட்டுட்டுப் போயிடறேன். நெஜமா."

காலைக் காட்டு என்றேன். காலுறையை இறக்கினாள். கணுக்காலில் எலும்பு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்து, மேலே தோல் உரிந்து சிவந்திருந்தது. முப்பத்தொரு வருடம் கால்களைப் பார்த்தவன் நான். அந்தக் காலுக்குக் கார்விக்தான் சரி. அதில் சந்தேகமே இல்லை.

"போட்டுக்கோ," என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். "ஆனா ஒண்ணு. என் ஸ்கேட்டை நீங்க மட்டும்தான் தொடணும். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

அதை அவள் அன்பாகச் சொன்னதாகத்தான் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இழுத்துப் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று மூன்று பேர் முன்னால் சொன்னவள். இப்போது அதே ஸ்கேட்டைக் கொண்டுவந்து, அதே கையில் கொடுத்து, உன்னை நம்புகிறேன் என்கிறாள். நான் தப்புச் செய்தவன் என்று நினைக்கிறவர்கள்தானே என்னை மன்னிக்க முடியும்? அவள் போன பிறகு அந்த ஜோடியை அடுப்பில் வைத்துச் சுடவைத்தேன். நன்றாகவே படியவைத்தேன். வேலையில் நான் குறை வைத்ததில்லை.

மறுவாரம் கார்விக் கம்பெனி அவள் படத்தைப் போட்டு அரங்கத்து வாசலில் பதாகை கட்டியது. ராஸ் ஏணியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, "மேலிடத்துல சொல்லிட்டாங்க டவுனோ, எனக்கே புடிக்கல," என்றான். பரவாயில்லை என்றேன். ஏணியைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் முடிவு செய்தேன். கோபத்தில் செய்த முடிவு இல்லை. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடாது. நிதானமாக யோசித்தேன். ஒரு பிளேடு கழன்றால் ஆளைக் குறை சொல்வார்கள். இரண்டாவது பிளேடும் அதேபோலக் கழன்றால், அதுவும் எல்லாரும் பார்க்கும்போது, ஸ்கேட்டைக் குறை சொல்வார்கள். அதற்கு ராஸ் கொண்டுவந்த ஸ்கேட் வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த கால் வேண்டும். இரண்டும் லெஸ்யாவிடம் இருந்தன. பெஞ்சில் அவள் எதைப் பார்க்காமல் விட்டாளோ அதைப் பற்றி அவளும் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஹெல்மி இருந்த மாதிரி இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

மார்ச் எட்டு. அரையிறுதி. தொலைக்காட்சியில் நாடு முழுக்கக் காட்டினார்கள். ராஸ் மான்ட்ரியாலிலிருந்து வந்த தன் மேலதிகாரிகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பகுதி முடிந்து இடைவேளையில் லெஸ்யா என் முன்னால் வந்து உட்கார்ந்து, இடது காலை என் முழங்கால்மேல் வைத்தாள். உள்முனை வழுக்குகிறது என்றாள். கையில் ஒரு பெர்ஷியன் பன் இருந்தது.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"அப்புறம் சாப்பிடுறேன்."

"உங்க அப்புறம் எனக்குத் தெரியும். இந்தாங்க, பாதி உங்களுக்கு. சாப்பிடலைன்னா காலை எடுக்க மாட்டேன்."

வாங்கிக்கொண்டேன். ஒரு கையால் தின்றுகொண்டே பழைய பிளேடை இறக்கினேன். அவள் மே மாதத்தில் நடக்கப்போகும் தன் சித்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். சித்திக்கு ஐம்பத்தொரு வயது, மாப்பிள்ளைக்கு எழுபது, மோதிரத்தைவிட முதலில் காது மெஷின் வாங்க வேண்டும் என்று குடும்பமே சண்டை போடுகிறதாம். சிரித்தேன். புதிய பிளேடின் முன்கொக்கியை மாட்டினேன். பின்பக்கத்தை டிக் வரும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினேன். அந்த நிலையில் அது இறுக்கத்தினாலேயே சில நிமிடம் நிற்கும். நேராக ஓடினால் நிற்கும். வேகமாகத் திரும்பினால் நிற்காது. பிறகு பிளேடைப் பிடித்துக் கையை மட்டும் அசைத்தேன், இழுப்பதுபோல. தலையசைத்தேன்.

"நன்றி டவுனோ," என்று எழுந்து போனாள்.

நாலு நிமிடம் பத்து நொடி. நடுக்கோட்டிலிருந்து பக்கைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் ஆடினாள். கோலுக்குப் பின்னால் வளைந்தபோது இடது கால் கீழே ஒன்றுமில்லாமல் போனது.

நான் அவளைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். ராஸ் படிகளில் ஓடி வந்தான். முழங்கால் போனவன், இரண்டு முறை விழுந்து எழுந்து வந்தான். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிப் பனியைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்துக்காக நான் பதின்மூன்று மாதம் காத்திருந்தேன். குற்றம் செய்தவனின் முகம். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் நினைத்தபடியே நடந்தது. கார்விக் அந்த வகை ஸ்கேட்டுகளை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப வாங்கியது. ராஸை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். லீக்கின் ஆட்கள் வீட்டுக்கே வந்து, போன வருட முடிவைத் திருத்தி எழுதுவதாகச் சொன்னார்கள். பெட்ரோல் பங்கில் ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டோம்ப்பா, மன்னிச்சுரு," என்றார். அந்தப் பத்து நாளும் நான் நன்றாகச் சாப்பிட்டேன். கெர்ட்டுவுக்குக்கூடக் கடிதம் எழுதினேன்.

அப்புறம் நேற்று நீங்கள் வந்தீர்கள். கோப்பை மூடப்போகிறோம், கடைசியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றீர்கள். லெஸ்யாவுக்கு இடது கையில் இரண்டு விரல் அசைகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே வாக்குமூலம் கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அதைப் படித்துக் காட்டினீர்கள். "டவுனோ இழுத்துப் பார்த்தார். ரெண்டு தடவ இழுத்தார். நான் பார்த்தேன். அவர்மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன். போட முடியாது. அவள் சொன்னது பொய்.

நீங்கள் ஸ்கேட் போட்டதில்லை என்று நினைக்கிறேன். போட்டிருந்தால் தெரிந்திருக்கும். பிளேடை ஒருவர் பிடித்து இழுத்தால் அது குதிகாலில் தெரியும். கால் மொத்தமும் கீழே ஒரு அங்குலம் இழுபடும். கண்ணை மூடிக்கொண்டு கல்யாணக் கதை பேசினாலும் தெரியும். நான் கையை மட்டும் அசைத்தபோது அவள் குதிகாலில் எந்த இழுப்பும் இல்லை. எழுந்து போகும்போதே அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், நான் தலையசைத்தேன் என்பதற்காகப் போனாள். இப்போது கழுத்து ஒடிந்து படுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்கிறாள். எனக்கு யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய ஆளாக என்னை ஆக்க அவளுக்கு உரிமை இல்லை. அதனால் எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் எட்டாம் தேதி லெஸ்யா போய்கோவின் இடது பிளேடைப் பூட்டாமல் விட்டவன் நான். தெரிந்தே செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பட்டறையில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் நான் நேர்மையான வழியில்தான் போனேன். லெஸ்யாவுக்கு ஒன்றும் ஆகாமலே ராஸைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தப் பூட்டின் குறையைக் கண்டுபிடித்து லீக்கின் முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஹெல்மியின் அளவில் ஒரு ஜோடி வாங்கினேன். தண்ணீர் ஊற்றி உறையவைத்தேன். பனித்தூளை அடைத்தேன். இரும்புத்தூளை அடைத்தேன். மரச் சுத்தியால் அடித்தேன். கம்பத்தில் மோதவிட்டேன். ஒவ்வொரு முறையும் டிக் வரும்வரை தள்ளி, இழுத்துப் பார்த்து, பிறகு சோதித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு முறை. நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூடக் கழலவில்லை. சரியாகப் பூட்டி இழுத்துப் பார்த்த கார்விக் பிளேடு தானாகக் கழலவே கழலாது. அதனால்தான் நானே செய்ய வேண்டியதாயிற்று.

எதற்கு எழுதுவதை நிறுத்திவிட்டு இப்படிப் பார்க்கிறீர்கள்?

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. இழுத்தது குதிகாலில் தெரியுமென்றால் ஹெல்மிக்கும் தெரிந்திருக்குமே என்கிறீர்கள். நிச்சயமாகத் தெரிந்திருக்கும். எட்டு மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு நன்றாக இருந்தது, நினைவு கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை. அவள் என் மகள், சார்ஜன்ட். அன்று நான் இழுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால், என்னிடம் சொல்லியிருக்க மாட்டாளா?